இரவு இரண்டு மணிக்கு உதறும் கை

வாசகர் கடிதம்:

வணக்கம் மிஸ். எனக்கு 43 வயது. வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே சாரி பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன்; 15 வருடத் தொழில். ஒரு வருடமாகப் பிடரியும் வலது தோளும் உளைகின்றன. பின்னேரமானால் நாரியும் பிடித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை மெஷினில் இருக்காவிட்டால் கொஞ்சம் சுகம். மாமி வாய்வு என்று உள்ளி சுட்டுத் தருகிறார். பக்கத்து வீட்டு அன்ரி கல்சியம் குறைவு என்கிறார். பார்மசியில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டால் இரண்டு நாள் நல்லாயிருக்கும், பிறகு பழையபடிதான். எம்ஆர்ஐ எடுத்தால் காரணம் தெரிந்துவிடுமா? தீபாவளி ஓர்டர் குவிந்து கிடக்கிறது, தையலை விட வேண்டி வருமோ என்று பயமாக இருக்கிறது. சாமத்தில் சில நாள் வலது கை விறைத்து எழும்பிவிடுவேன். உதறினால் சரியாகிவிடும், அது பரவாயில்லை. இன்னொன்று, என் கணவரின் தம்பி புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மூட்டை தூக்குகிறவர். அவருக்கு நாரியில் தொடங்கி இடது காற்பெருவிரல் வரை மின்சாரம் அடித்த மாதிரி இழுக்கிறதாம். அவரும் இதே மாத்திரையைப் போடலாமா?

பதில்:

தங்கச்சி, 'அது பரவாயில்லை' என்று போகிற போக்கில் எழுதி வைத்திருக்கிறீர்களே, இரவில் கை விறைக்கும் கதை, எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. பிடரி உளைவைப் பற்றி ஏழு வரி எழுதியிருக்கிறீர்கள், அதைப் பற்றி ஒரே ஒரு வரி. நான் தலைகீழாகத் தொடங்குகிறேன்.

உங்கள் மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒடுக்கமான ஒரு வழி இருக்கிறது. அடியில் எட்டுச் சின்ன எலும்புகள், மேலே தடித்த பட்டி போல ஓர் இழையம். அந்த இடுக்குக்குள்ளால் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. காலை எட்டு மணிக்கு வெள்ளவத்தைச் சந்தியில் வந்து நிற்கும் 100 ஆம் இலக்க பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஏற்கெனவே இடமில்லை. அதற்குள் ஒன்பது பேரும் கொஞ்சம் கொஞ்சம் பருத்துவிட்டால், ஓரமாக நிற்கும் பத்தாவது ஆள் நசுங்கத்தான் செய்வார். அந்தப் பத்தாவது ஆள்தான் நரம்பு. இதைக் கார்ப்பல் டனல் என்று சொல்வோம். உங்களுக்கு இதுதான் என்று கடிதத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் சாமத்தில் விறைத்து எழும்புவதும், உதறினால் விடுவதும் இதன் கையெழுத்து மாதிரி. நித்திரையில் நாம் மணிக்கட்டை மடக்கிக்கொண்டு படுப்போம், இடுக்கு இன்னும் இறுகும். அதனால்தான் பகல் முழுக்கத் தைத்த கை இரவில் பேசுகிறது.

ஒரு வேலை செய்யுங்கள். மகனின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, வலது கையை விரித்து வைத்து, பென்சிலால் சுற்றி வரையுங்கள். அடுத்த முறை விறைத்து எழும்பும்போது லைட்டைப் போட்டு, எந்த இடம் விறைக்கிறதோ அந்த இடத்தை அப்போதே கறுப்பாக்குங்கள். விடிந்த பிறகு யோசித்துப் போட வேண்டாம், அப்போது 'கை முழுக்க' என்றுதான் தோன்றும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி, இவ்வளவும் கறுத்திருந்து சின்ன விரல் வெள்ளையாக இருந்தால் நான் சொன்ன நரம்பின் மேல் சந்தேகம் வலுக்கிறது. சின்ன விரல் பக்கம் கறுத்திருந்தால் அது வேறு நரம்பு, முழங்கையில் நெரிபடுவது. மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றித் துணி தள்ளுகிறவர்களுக்கு வரும். பிடரியில் தொடங்கி ஒரு கோடு மாதிரி கையில் இறங்கி, கழுத்தைத் திருப்பினால் கூடுமானால், கழுத்தெலும்பில் இருந்து புறப்படும் நரம்பைப் பார்க்க வேண்டும். இரண்டு உள்ளங்கால்களும் சேர்ந்து விறைத்தால் முதலில் இரத்தத்தில் சீனிதான் பார்க்க வேண்டும்.

இன்னொரு வீட்டுச் சோதனையும் இருக்கிறது. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே பார்க்க, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருங்கள். அந்த அறுபது விநாடிக்குள் அதே விரல்களில் ஊசி குத்துவது போல வந்தால் வைத்தியரிடம் சொல்ல வேண்டிய செய்தி. வராவிட்டால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் ஆகாது.

எதற்கு இதைப் பெரிதுபடுத்துகிறேன் என்றால், பிடரி உளைவு எத்தனை வருடம் இழுத்தாலும் பெரும்பாலும் திரும்பிவிடும். நரம்பு நசுங்கிக் கிடந்தால் அப்படி இல்லை. கொக்கி தைக்கும்போது ஊசி விரலிலிருந்து நழுவுகிறதா? தேத்தண்ணீர்க் கோப்பை கைதவறுகிறதா? இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலது பெருவிரலின் அடியில் உள்ள சதைமேடு இடது பக்கத்தை விடத் தட்டையாகி இருக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் தீபாவளி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இல்லையென்றால், மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டி ஒன்றை இரவில் மட்டும் கட்டிக்கொண்டு படுப்பது முதல் வைத்தியம். ஆறு வாரமாவது விடாமல் கட்ட வேண்டும். ஒரு கிழமை கட்டிவிட்டு 'சரிவரவில்லை மிஸ்' என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

அப்புறம், சீனியும் தைரொய்ட்டும் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். இரண்டும் இதே விறைப்பைக் கொண்டுவரும், சீனி தோள்மூட்டையும் இறுக்கிவிடும். எல்லாப் பழியையும் தையல் மெஷின் மேல் போட்டுவிட்டு உள்ளே இருக்கிற காரணத்தைத் தவறவிட்டால் பட்டி கட்டி என்ன பயன்.

சரி, இனி பிடரிக்கு வருவோம்.

வாய்வா, கல்சியமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் நீங்களே எழுதிவிட்டீர்கள்: ஞாயிற்றுக்கிழமை சுகம். வாய்வுக்குக் கலண்டர் தெரியாது, கல்சியத்துக்கும் தெரியாது. வேலை நாளில் பின்னேரம் ஏறி, லீவு நாளில் இறங்குகிற நோ வேலையிலிருந்து வருகிற நோதான். (மாமியிடம் இதைச் சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டாம். உள்ளி நல்ல சாமான், சாப்பிடுங்கள்.) என்னிடம் வருகிறவர்களிடம் 'எங்கே நோகுது' என்று கேட்பதை விட 'எத்தனை மணிக்கு நோகுது' என்று கேட்பதில்தான் எனக்கு நம்பிக்கை. காலையில் எழும்பினதும் இரண்டு கைகளிலும் சின்ன மூட்டுகள் வீங்கி, விரலை மடக்க ஒரு மணித்தியாலம் பிடிக்கிறது, அதன்பிறகு வேலை செய்யச் செய்ய இலகுவாகிறது என்றால் அது வேறு வியாதி. மூட்டுகளை உடம்பே தாக்கும் வாதம். அதற்கு எண்ணெய் பூசிக்கொண்டு இருந்தால் மூட்டு கோணிவிடும், வாத நோய் நிபுணரிடம் போக வேண்டும். முப்பது வயதுப் பையன் விடியச் சாமத்தில் நாரி நொந்து எழும்பி, நடந்தால் சுகம், படுத்தால் கூடுகிறது என்றால் அவனும் அந்த வரிசைதான். படுத்தாலும் இருந்தாலும் விடாமல், காய்ச்சலோ உடம்பு மெலிவோ சேர்ந்து வருகிற நோவை ஒரு நாளும் தசை நோ என்று தள்ளக்கூடாது. 2006 இல் சிக்குன்குன்யா இங்கே பரவியபோது காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் மூட்டுப் பிடித்துத் திரிந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் ஒரு காரணம். ஒன்று மறக்க வேண்டாம்: இடது தோளும் கையும் நோவதோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால் சித்தாலேப பூசிக்கொண்டிருக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

உங்களுடையது இவை ஒன்றுமில்லை என்றே உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் தசை, எலும்பு, மூட்டுக் கோளாறுகளோடு இருப்பவர்கள் சுமார் 171 கோடி பேர். அந்தக் கூட்டத்தில் நீங்களும் ஒருவர், நானும் ஒருத்தி. மற்றவர்களின் முதுகை அழுத்தி அழுத்தியே எனக்குப் பெருவிரல் அடிமூட்டு போனது. எட்டு வருடத்துக்கு முன் ஒரு போத்தல் மூடியைத் திறக்க முடியாமல் அடுக்களையில் நின்று அழுதிருக்கிறேன். நோயாளிகளுக்குச் சொல்லும் புத்தியை எனக்கு நான் சொல்லிக்கொள்ள ஆறு மாதம் எடுத்தது.

போன வருடம் கொட்டாஞ்சேனையில் ஒரு தையல்காரரின் வீட்டுக்குப் போயிருந்தேன். உங்களைப் போலவே பிடரி நோ, உங்களை விட நாலைந்து வயது கூட. கிளினிக்கில் எத்தனை தடவை பயிற்சி சொல்லிக் கொடுத்தும் மாற்றமில்லை, அதனால்தான் நேரில் பார்ப்போம் என்று போனேன். சாப்பாட்டு மேசையில் மெஷின். நடுவில் தொய்ந்த பிளாஸ்டிக் கதிரை. அவர் இருந்ததும் முழங்கை மேசைக்குக் கீழே போய்விட்டது, துணியைப் பிடிக்க இரண்டு தோள்களையும் தூக்கியபடியே இருந்தார். இது நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, அவர் நூல் கோத்த விதம். ஊசிக்கு ஒரு சாண் தூரத்துக்குத் தலையைக் கொண்டுபோய், பிறகு பின்னுக்கு இழுத்து, திரும்பவும் முன்னுக்குக் கொண்டுபோய், நாலாவது தடவை கோத்தார். தைக்கத் தொடங்கிய பிறகும் தலை அதே இடத்தில் நின்றது. ஜன்னல் அவரின் முதுகுக்குப் பின்னால். சொந்தத் தலையின் நிழலே ஊசியில் விழுகிறது!

அவருக்கு வெள்ளெழுத்து. நாற்பது தாண்டினால் கிட்டப் பார்வை மங்குவது வழக்கம்தான். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியாமல் கண் தலையை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. தலை சுமார் ஐந்து கிலோ பாரம். நேராக இருந்தால் எலும்பு தாங்கும், முன்னுக்குச் சரிந்தால் பிடரித் தசைதான் பிடித்து வைத்திருக்க வேண்டும், அதுவும் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம். நான் கழுத்துக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன், அவருக்குத் தேவைப்பட்டது கண்ணாடி. மேசையைத் திருப்பி ஜன்னலை இடது பக்கத்துக்குக் கொண்டுவந்தோம். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேசை லைட். கதிரையை மாற்றக் காசில்லை என்றதால், மூன்று மடிப்புப் போர்வையைத் தைத்து இருக்கையை உயர்த்தினோம். பெடலுக்குக் கால் எட்டாமல் போனது, அதற்குக் கீழே ஒரு பலகை. அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் முக்கால்வாசி குறைந்துவிட்டது.

உங்களுக்கும் 43. கண்ணைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள்?

வீட்டில் யாரிடமாவது போனைக் கொடுத்து, நீங்கள் தைக்கும்போது பக்கவாட்டில் இருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். சொல்லாமல் எடுக்கட்டும், தெரிந்தால் நிமிர்ந்துவிடுவீர்கள். காது தோளுக்கு நேரே இருக்கிறதா, முழங்கை மேசை மட்டத்தில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நிலத்தில் துணியை விரித்துக் குனிந்து வெட்டுகிறவராக இருந்தால் உங்கள் நாரிப்பிடிப்பின் பாதி அங்கேதான். இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகையைப் போட்டு நின்றபடி வெட்டுங்கள். கத்தரிக்கோலைச் சாணை பிடியுங்கள், இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். மொட்டைக் கத்தரிக்கோலால் லைனிங்கையும் சேர்த்து நாலு மடிப்பு வெட்டும்போது கை எவ்வளவு இறுக்குகிறது என்று ஒரு தடவை கவனியுங்கள், அந்த இறுக்கம் நேரே மணிக்கட்டு இடுக்குக்குத்தான் போகிறது. பெருவிரல் அடியில் வீங்கி நோவதும், விரல் மடங்கி 'டக்' என்று மாட்டிக்கொள்வதும் உங்கள் தொழிலில் அதே கத்தரிக்கோல் கொடுக்கிற பரிசுகள்தான்.

நிமிர்ந்து இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். நிமிர்ந்தபடி மூன்று மணித்தியாலம் அசையாமல் இருந்தாலும் தசை உளையும். அரை மணிக்கு ஒருக்கால் எழும்புங்கள். எல்லாப் பிளவுஸையும் தைத்து முடித்து, பிறகு எல்லாவற்றுக்கும் கொக்கி, பிறகு எல்லாவற்றுக்கும் அயன் என்று வைத்துக்கொள்ளாமல், ஒன்றைத் தைத்து, அதற்குக் கொக்கி வைத்து, எழும்பி அயன் பண்ணி, அடுத்ததைத் தொடங்குங்கள். வேகம் கொஞ்சம் குறையும், தெரியும். ஆனால் ஒரே தசை நாள் முழுக்க ஒரே வேலையைச் செய்யாது.

எம்ஆர்ஐ இப்போது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நோவே இல்லாத நாற்பது வயதுக்காரர்களைப் பிடித்து நாரியை ஸ்கேன் எடுத்தால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு டிஸ்க், அதாவது முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருப்பது, தேய்ந்திருப்பது தெரியும். தலை நரைப்பது போல அதுவும் ஒன்று. அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு 'எனக்கு டிஸ்க் போய்விட்டது' என்று அசையப் பயந்து படுத்தவர்களை எழுப்புவது எனக்குப் பெரிய பாடு. கை விறைப்புக்கு நரம்பின் ஓட்டத்தை அளக்கும் பரிசோதனை வேறு இருக்கிறது. தேவையென்றால் வைத்தியர் எழுதுவார். தனியாரிடம் காசைக் கொட்டத் தேவையில்லை, உங்களுக்குக் கிட்ட இருக்கிற களுபோவில போதனா வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு விடியவே போனால் அங்கிருந்து உரிய கிளினிக்குக்கு அனுப்புவார்கள்.

டைக்ளோஃபெனாக் விஷயத்தில் கொஞ்சம் கோபம் இருக்கிறது, உங்கள் மேல் இல்லை. வைத்தியரின் துண்டு இல்லாமல் இதைக் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற பழக்கத்தின் மேல். ஒரு வருடமாக விட்டுவிட்டுப் போடுகிறீர்கள். வயிறு எரிகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா? பிரஷர் அளந்து எவ்வளவு நாள்? இந்த மாத்திரை வயிற்றில் புண் வைக்கும், பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதோடு கொழும்பில் மழை தொடங்கினால் டெங்கு. காய்ச்சலோடு உடம்பு உளைவு வந்தால் இதைத் தொடவே கூடாது, இரத்தப்போக்கு ஆபத்து. அந்த நேரத்தில் பனடோல் மட்டும், அதுவும் அளவோடு. வேலை நாளில் மாத்திரை போட்டு நோவை அமத்திவிட்டு இன்னும் ஐந்து பிளவுஸ் தைப்பதுதான் நடக்கிறது, இல்லையா?

இனி உங்கள் மச்சான். அவருடைய நோ உங்களுடையதைப் போல இல்லை. முழங்காலுக்குக் கீழே இறங்கிப் பெருவிரல் வரை மின்சாரம் போல ஓடுவது நாரியில் ஒரு நரம்புவேர் நெரிபடுவதன் அடையாளம். பெரும்பாலும் டிஸ்க் பிதுங்கித்தான் இது வரும். அவரை இன்றைக்கே குதிக்காலால் நாலு அடி நடக்கச் சொல்லுங்கள். இடது பாதத்தின் முன்பக்கம் தூக்க முடியாமல் தொங்கினால் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். அதைவிட அவசரமானது ஒன்று, கூச்சப்படாமல் கேளுங்கள், அல்லது கணவரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்: சைக்கிள் சீட்டில் படுகிற இடம் மரத்திருக்கிறதா, சிறுநீர் போகக் கஷ்டமா, அல்லது தெரியாமல் போகிறதா, இரண்டு கால்களும் சோர்கின்றனவா? இதில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை பார்க்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. இதில் மணித்தியாலக் கணக்கு உண்டு, தாமதித்தால் திரும்பி வராது.

இவை ஒன்றும் இல்லையென்றால் பயப்படத் தேவையில்லை. இப்படி இழுக்கிற காலில் பெரும்பகுதி சில கிழமைகளில் இருந்து மூன்று மாதத்துக்குள் தணிந்துவிடும். ஒரு நாள் இரண்டு நாளுக்கு மேல் படுத்தே கிடக்க வேண்டாம், வீட்டுக்குள்ளேயாவது நடக்கட்டும். ஆனால் மூட்டை தூக்குவது இப்போதைக்குக் கூடாது. நான்காம் குறுக்குத் தெருவில் லொறியிலிருந்து இறங்கும் சீனி மூட்டை 50 கிலோ. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று போட்ட கணக்கில், உடம்போடு அணைத்து, திரும்பாமல், நல்ல பிடியோடு தூக்கினால் கூட ஒருவருக்கு 23 கிலோதான் எல்லை. அவர் அதற்கு இரண்டு மடங்கைப் பிடரியில் போட்டுக்கொண்டு, வழுக்குகிற பலகையில் ஏறி, உடம்பைத் திருப்பி இறக்குகிறார். 'முதுகை நேராக வைத்துத் தூக்குங்கள்' என்று நான் புத்தி சொன்னால் அவர் சிரிப்பார், சிரிக்கவும் வேண்டும். தள்ளுவண்டியில் ஏற்றும் பக்கத்துக்கோ, கணக்கெழுதும் பக்கத்துக்கோ கொஞ்ச நாள் மாற்றிவிட முடியுமா என்று முதலாளியிடம் கேட்கட்டும். நாட்கூலிக்காரருக்கு இது இலேசான பேச்சு இல்லை என்று எனக்குத் தெரியும். வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் கொஞ்சம் எடுபடும். மாத்திரையை வைத்தியர் பார்த்து எழுதட்டும், உங்களுடையதைப் பங்கு போட வேண்டாம்.

தையலை விட வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். ஆனால் இனி வருகிற தீபாவளி ஓர்டர்களை எடுக்க வேண்டாம். 'அக்கா, இதை மட்டும் எப்படியாவது' என்று முதல் நாள் துணியைக் கொண்டுவந்து நிற்பவர்களுக்கு மாமியை வைத்துப் பதில் சொல்லுங்கள், உள்ளி கொடுக்கிறவருக்கு அந்த உரிமை உண்டு. இன்றிரவு பட்டி இல்லாவிட்டால் ஒரு துவாயைச் சுருட்டி மணிக்கட்டு மடங்காமல் தளர்வாகக் கட்டிக்கொண்டு படுங்கள். பென்சிலையும் தாளையும் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். களுபோவிலைக்குப் போகும்போது அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.